ஐஸ் கடித்த விரல்

இறால் கம்பெனியில் வேலை செய்தவளைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், என் பெரிய மகன் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்து, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, ராயபுரத்தில் ஒரு கம்பெனிக்கு உரிக்கப் போனேன். ஐஸில் கை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

பஞ்சாய்ப் போன இறால்

ஒருநாள் கரண்ட் போய், உறைந்த இறாலெல்லாம் இளகிவிட்டது. கரண்ட் வந்ததும் மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டு மறுபடி மெதுவாக உறைய வைத்தார்கள். அதில் கொஞ்சம் எங்களுக்கும் கொடுத்தார்கள். வீட்டில் இளகியதும் சட்டி நிறையத் தண்ணீர். குழம்பில் இறால் பஞ்சு மாதிரி. ஏன் என்று மெஷின் பார்க்கும் தாமஸிடம் கேட்டேன்.

"சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பை கீதுக்கா, அதுல தண்ணி. மெதுவா உறைஞ்சா அந்தத் தண்ணி ஊசி ஊசியா வளந்து பையைக் கிழிச்சிடும். சட்டுனு உறைஞ்சா ஊசி பொடிசு, அவ்வளவா கிழியாது. கிழிஞ்ச பையில தண்ணி நிக்குமா, நீயே சொல்லு."

டீக்கடை அடுப்பு

குளிர் அறையை விட்டு வந்ததும் டீக்கடை அடுப்பில் கையைக் காட்டுவது எங்கள் வழக்கம். என் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் கன்னியம்மா, திருவொற்றியூர் குப்பத்துப் பெண், ஒருநாள் ஈரக்கையோடு ஃப்ரீசர் தட்டை இழுத்தாள். ஆள்காட்டி விரல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிப் பிரித்தோம். நுனி மெழுகுவத்தியாய் வெளுத்திருந்தது. அவளோ, "வலியே இல்லக்கா, எவளோட வெரலோ மாதிரி கீது" என்று சிரிக்கிறாள்.

அவளை அடுப்புக்கு இழுத்துப் போனேன். தாமஸ் வந்து மறித்தான். "மரத்துப் போன வெரலுக்கா. வெந்தாலும் அவளுக்குத் தெரியாது" என்று வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைக்கச் சொன்னான். உணர்ச்சி திரும்பத் திரும்ப வலியும் வந்தது. சிரித்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"இந்த வெரலு பூட்டா எத்தால உரிப்பேன்க்கா?"

கறுத்த நுனி

நுனி கறுத்தது. வெட்டிவிட்டால் கறுப்பு மேலே ஏறாதல்லவா என்று பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். "எது செத்துது, எது பொழைச்சுதுன்னு சதையே பிரிச்சுக் காட்டும்மா. இப்பவே கத்தி வெச்சா உசுரோட இருக்கறதும் போயிடும்" என்றார்.

காத்திருந்தோம். நான் மாதா கோயிலில் மண்டியிட்டேன். அவள் அம்மனுக்கு விளக்குப் போட்டாள். மழைக்காலம் முடியும்போது கறுப்பு ஓடாய்க் கழன்று விழுந்தது. கீழே இளஞ்சிவப்புத் தோல். நகம் மட்டும் இல்லை. கன்னியம்மா மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு இறாலை உரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க மாதாவும் எங்க ஆத்தாளும் சேந்துதான் காப்பாத்தினாங்கக்கா. நகத்த மட்டும் அவங்க பாத்துக்குவாங்கன்னு இவங்களும், இவங்க பாத்துக்குவாங்கன்னு அவங்களும் வுட்டுட்டாங்க."

இறாலைப் போல நம் உடம்பையும் தண்ணீர்ப் பையாய்ப் படைத்த ஆண்டவர், அதைத் தூக்கிக்கொண்டு நாம் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போவோம் என்று நினைத்திருக்க மாட்டார்.