நம்பர் போட்ட டப்பாக்கள்

எனக்குக் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தபோது, எங்கள் பம்புசெட் சாமான் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் பஜாரில் அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். நான் மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால்தான் என்னைப் பெண் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்காரர் வெளியூர் போய்ச் சரக்கு எடுத்து வருவார். மாமனார் கல்லாவில் இருப்பார். எனக்குக் கடையின் பின்னால் பலகை வைத்துத் தடுத்த ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால் வெளியே வெயிலா மப்பா என்று தெரியாது.

அதில் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் புரோகிராமை எழுதித் தந்தவர் ஒரு மதுரைக்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மரியாதையான ஆள், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார். கடைச் சுவர் முழுக்கச் சாமான் டப்பாக்கள். முன்பு ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்ததாம். "பேரு எதுக்கு அண்ணாச்சி? நம்பர் போதும். சாமான் பேரைத் தட்டுனா எந்த டப்பான்னு கம்ப்யூட்டர் சொல்லிரும்" என்று அவர் சொன்னதை நம்பி மாமனார் எல்லாப் பெயரையும் கிழித்துவிட்டு நம்பர் ஒட்டியிருந்தார். நான் வரும்போது சுவரில் வெறும் எண்கள்தான் இருந்தன.

பங்குனியில் ஒரு காலை, கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, ரகசியச் சொல் கேட்டது. அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தேன். அந்த வரி அப்படியே நின்றது.

முன்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கையில் தேய்ந்துபோன ஆயில் சீலை, பம்புக்குள் போடும் ரப்பர் வளையத்தை, வைத்துக்கொண்டு நின்றார். "மொளகாச் செடி வாடுதுய்யா. சீக்கிரம் குடுத்து அனுப்புங்க" என்றார். ஆயில் சீல்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாமனார் டப்பா டப்பாவாக இறக்கிப் பொருத்திப் பார்த்தார். பொழுது ஏறியதும் அந்த மனிதர் விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மதுரைக்கு போன் போட்டோம். "லைசென்ஸ் முடிஞ்சிருக்கும். நான் வந்துதான் தெறக்கணும்" என்றார் அவர். மறுநாள் வந்தார். என்னை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டுத் திறந்தார். போகும்போது ஒரு தொகை வாங்கிக்கொண்டார். ஆடியில் மறுபடியும் பூட்டிக்கொண்டது.

"போலீஸுக்குப் போவமா மாமா?" என்று கேட்டேன்.

"போயி என்னத்தச் சொல்ல? பொட்டிக்குள்ள பூட்டிட்டான்னா? சிரிப்பானுக" என்றார். கல்லாவை இழுத்துச் சாத்தியபடி, "பஜார்ல ஒருத்தருக்கும் தெரியக்கூடாதும்மா" என்றார். பஜாரிலேயே முதல் கம்ப்யூட்டர் வாங்கியதாகப் பெருமை பேசிய மனிதர். பிறத்தியாரிடம் வாய் திறக்க முடியாமல் அவரும், அந்தத் தடுப்புக்குள் நானும் அடைபட்டுக் கிடந்தோம்.

மறுபடி வந்த மதுரைக்காரர் இந்த முறை பணம் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னா பஜாரே கேக்கும் அண்ணாச்சி. பாளையம்பட்டி பூச்சிமருந்துக் கடைக்காரர் உங்க சிநேகிதர்தானே? அவருக்கு ஒரு போன் போட்டு நம்ம புரோகிராம் நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க. அப்புறம் தெறந்துருவோம்."

தடுப்புப் பலகைக்கு மறுபுறம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் போனை எடுத்தார், வைத்தார். திரும்ப எடுத்து டயலைச் சுற்றினார்.

"ஆமாய்யா... நல்லாத்தான் ஓடுது. இவுக நாளைக்கு அங்க வருவாக. பாத்துக்கிடுங்க."

கம்ப்யூட்டர் திறந்தது. அன்றைக்கு நல்ல வியாபாரம். மாமனார் மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது என்னைப் பார்க்காமலே கேட்டார்: "பாளையம்பட்டிக் கடையிலயும் இவன் நம்பர்தான் ஒட்டச் சொல்லுவானோ?"

"சொல்லுவாரு மாமா. அங்க பிரிச்சு டப்பாவுல போட்டு விக்கிறதெல்லாம் விஷம். டப்பா மாறினா என்னாகும்?"

அவர் காப்பியைத் தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனார். மதுரைக்காரர் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே, நடந்த அத்தனையையும் சிநேகிதரிடம் சொல்லியிருக்கிறார், நேற்றுச் சொன்ன பொய்யையும் சேர்த்து. திரும்பி வந்து, "எதுக்குய்யா இத்தன நாளா உள்ளுக்குள்ளயே வச்சிருந்தீகன்னு வஞ்சாரும்மா" என்றார். திட்டு வாங்கிய முகமாக இல்லை அது.

அந்த வியாபாரம் கெட்டுப்போனதால் இனி மதுரைக்காரர் எங்களுக்குத் திறக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த பூட்டு விழுவதற்கு முன் எங்களிடம் இருந்தது கொஞ்ச காலம்தான். மொத்தப் பட்டியலையும் அச்சடிக்க அந்தப் புரோகிராமில் வழியே வைக்கவில்லை. ஒவ்வொரு பெயராகத்தான் தட்ட வேண்டும். நான் தட்டி எண்ணைச் சொல்வேன். மாமனார் ஏணியில் ஏறி அந்த டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுவார். சில நாள் கடையைப் பாதிதான் திறந்தோம். பசை காய்ந்து என் விரலெல்லாம் தோல் உரிந்தது. வேலை முடிவதற்குள் பூட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தோடுதான் தினமும் காலையில் சுவிட்சைப் போடுவேன்.

ஐப்பசி மழையோடு திரை மறுபடி ரகசியச் சொல் கேட்டது. அதற்குள் கடைசி வரிசையைத் தவிர எல்லா டப்பாவுக்கும் பெயர் வந்திருந்தது. மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். "அணைச்சிரும்மா" என்று மட்டும் சொன்னார். கடைசி வரிசையை அவரே கையால் தடவிப் பார்த்தும் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டும் சரி செய்தார். சில சாமான்கள் கடைசிவரை இன்னதென்று தெரியவில்லை. இரும்பு விலைக்குப் போட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பையன் புதுப் புரோகிராம் விற்க வந்தான். அதற்குள் நான் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்திருந்தேன். அவன் என்னென்னவோ விளக்கினான். மாமனார் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, நீங்க வராட்டியும் இது ஓடுமா?"

பையன் சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை. பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.