குளத்துக்கரைப் போட்டோ

சங்கரன்கோவிலை ஒட்டிய கிராமம் ஒன்றில் நூறு நாள் வேலைக்கு ஜெயசித்ராதான் மேட், ஆட்களை மேய்த்து வருகை பதிகிறவள். வேலைக்கு வந்த பெண்களைக் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, நின்ற இடத்திலிருந்தே ஆப்பில் ஏற்ற வேண்டும். ஏறினால் வந்த கணக்கு. ஏறாவிட்டால் பொழுதுக்கும் மண் சுமந்திருந்தாலும் வராத கணக்குதான். வெட்டுவது கையும் காலும் என்றாலும், வெட்டியதை ஒப்புக்கொள்ள வேண்டியது போன்.

இந்தத் தடவை ஓடையைத் தூர்வாரும் வேலை. ஓடைப் பள்ளத்தில் டவர் மருந்துக்கும் கிடையாது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், போட்டோ ஏறாது. பெண்கள் டவரையா ஏச முடியும்? ஜெயசித்ராவைத்தான் ஏசினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்பு வேலை நடந்த குளத்துக்கரை மேட்டில் டவர் நன்றாக எடுக்கும். ஆப்பிலும் அந்தப் பழைய வேலை முடிக்கப்படாமல் கிடந்ததால், அதன் பெயரிலேயே போட்டோவை ஏற்றலாம். எல்லோரும் முதலில் கரைக்கு வந்து மண்வெட்டியோடு நிற்பார்கள். போட்டோ ஏறியதும் ஓடைக்கு நடப்பார்கள். மத்தியானமும் வெயிலில் இதே கூத்து. ஓவர்சியர் சுந்தரராஜுக்கும் இது தெரியும். "எப்படியாவது ஏத்திருங்கம்மா" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாள் முற்பகலில் ஓடையின் கரிசல் கரை சரிந்து, மண் வெட்டிக்கொண்டிருந்த கோமதித்தாயின் காலில் விழுந்தது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. வேலையில் பட்ட காயம் என்று எழுதினால் வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் உதவி கிடைக்கும். புருஷனை இழந்து, தன் கையை நம்பியே பிழைக்கிற கோமதித்தாய்க்கு வேறு போக்கில்லை.

மறுநாள் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தம்மா குளத்துக்கரையில நிக்கிறாங்க. அடிபட்டது ஓடையில. அங்க இவங்களுக்கு என்ன வேலை?"

சுந்தரராஜ் முந்திக்கொண்டார். "ஆடு மேய்க்கப் போயிருக்கும் சார். என்னம்மா ஜெயசித்ரா?"

உண்மையைச் சொன்னால் குளத்துக்கரை வேலை என்று ஏறிய போட்டோ அத்தனையும் பொய்யாகிவிடும். எல்லாருடைய கூலியும் போகும், அவளுடைய மேட் வேலையும் போகும். பின்னால் நின்ற பெண்களில் மாரிசெல்வி, சொல்லிவிடாதே என்பதுபோல் ஜெயசித்ராவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஜெயசித்ரா ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த கோமதித்தாய்தான் முதலில் பேசினாள்.

"ஏட்டி, நேத்து மத்தியானப் போட்டோவுல நான் இல்லையே. எனக்கு வருகை விழுந்துச்சா?"

ஜெயசித்ரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மதினி, அதிகாரி வந்தாரு. நீங்க ஆடு மேய்க்கப் போன இடத்துல மண்ணு சரிஞ்சிட்டுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"நீ என்னட்டி சொன்ன?"

"ஆமான்னு தலையாட்டிட்டேன் மதினி."

கோமதித்தாய் ஏசியிருந்தால் ஜெயசித்ரா வாங்கிக்கொண்டிருப்பாள். கை ஓங்கியிருந்தாலும் சரிதான் என்றிருப்பாள். கோமதித்தாயோ நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே விளங்காதவளாகக் கேட்டாள்.

"எங்கிட்ட ஏதுட்டி ஆடு?"