ஈரம் காயாத படம்

மலேரியாக் காய்ச்சல் கண்டிப் பக்கத்தையே படுக்கப் போட்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடத் தொடக்கத்தில் நடந்தது இது. நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்டக் குடியிருந்தோம். கணவர் இறந்த பிறகு, தையல் மெஷினை வைத்துத்தான் என் ஒரே மகளைப் படிக்க வைத்தேன். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் படம் வரைவாள்.

கண்டி டவுனில் ஒரு சித்திரக் கண்காட்சி வைப்பதாகத் தெரிந்ததும் அதற்கென்று ஒரு படம் தொடங்கினாள். டிஸ்பென்சரி வாசலில் காய்ச்சலுக்கான கொயினா மருந்துக்காகச் சனங்கள் வரிசையில் நிற்கும் படம். எனக்குப் பிடிக்கவில்லை.

"நோயாளிகளை யாரும்மா சுவத்துல மாட்டுவாங்க? ஒரு பூச்செடிய வரையக் கூடாதா?" என்றேன்.

"நான் பார்த்தது இதைத்தானேம்மா" என்றாள்.

படம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலை, அவளுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு போர்வைக்குள் கிடந்து பல் கிட்டிப்போய் நடுங்கினாள். முதல் நாள் ராத்திரிதான் ஏதோ திருத்தியிருந்தாள். எண்ணெய்ச் சாயம் காயவில்லை. "விடுங்கம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று முனகினாள். அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேரைக் கொண்டுபோய்ப் புதைத்தோம்! அடுத்த வருடம் என்ற சொல்லை நான் நம்பத் தயாராக இல்லை. பக்கத்து வீட்டு அக்காவை அவளுக்குத் துணைக்கு வைத்துவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். "காயாத பெயின்ட்டுங்க. சனங்க உடுப்புல பட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் கண்டக்டர். அவர் சொன்னதும் நியாயம்தான். நடந்தேன். சேலை உரசாமல் இருக்கச் சாயப் பக்கத்தை வெளியே திருப்பி, பின்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காற்று அடிக்கும்போதெல்லாம் படம் என்னையே பின்னால் தள்ளியது. பாதி வழியில் மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது எதிரே வந்த ஒரு கூண்டு மாட்டு வண்டி நின்றது. தேங்காய் ஏற்றி வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் இறங்கி வந்து படத்தைப் பார்த்தார். கண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். வண்டிக்குள் இருந்த தேங்காயில் பாதியை எடுத்து ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் குவித்தார்.

"ஏறுங்க தங்கச்சி. தேங்கா நனைஞ்சா காயும், இது நனைஞ்சா என்ன செய்யிற?" என்றார். போக வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு மாட்டைத் திருப்பினார். மழையில் நனைந்துகொண்டே ஓட்டினார்.

அப்படியும் கண்காட்சி மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் புத்தகத்தை மூடிவிட்டார். என் ஈரச் சேலையைப் பார்த்து, "படம் கீறின ஐயா வரேல்லையோ?" என்று கேட்டார்.

"படம் வரைஞ்சது என் மக. காய்ச்சல்ல கிடக்கிறா."

"நேரம் போயிட்டுது அம்மா. இனி எடுக்கேலாது."

"அப்ப நீங்க எடுக்கிற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லி, படத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவரைக் கையால் காட்டினார்.

"ஓம், இப்பிடித்தான் நானும் நிண்டனான்" என்றார். அவருடைய பிள்ளை என்னவாயிற்று என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. புத்தகத்தைத் திறந்து, "மகளின்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

பூச்செடி வரையச் சொன்ன என் வாயை நினைத்து வெட்கப்பட்டபடியே வீடு திரும்பினேன். மகள் பத்து நாளில் எழுந்தாள். மெலிந்த கையைப் பிடித்து நானே கூட்டிப்போய், சுவரில் தொங்கும் அவள் படத்தைக் காட்டினேன்.

முன்பெல்லாம் மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் டீச்சர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அன்றிலிருந்து, படம் வரைகிறாள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன்.