கழிப்பறைப் பக்கத்து சீட்

வேலை போய்விடும் என்ற பயத்தில், நாலு மாத வயிற்றைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டுதான் தேனியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்வந்தேன். வீட்டிலோ தினமும் ஒரே கேள்வி: "எப்ப வேலைய விடப்போற?"

ஒருநாள், ஜன்னலோரம் இருந்த என் சீட்டை மேனேஜர் அக்கா கழிப்பறைப் பக்கம் மாற்றிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அவர் அறைக்குப் போய், "நான் மாசமா இருக்கேன். துரத்துறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "கிறுக்கி! நீ வாயப் பொத்திக்கிட்டு அந்தக் கோடியிலருந்து ஓடுறதப் பாக்க முடியலடி. அதான் அங்கன மாத்துனேன். சரி, பிள்ள பெத்துட்டு எப்ப திரும்பி வருவ? புது புராஜெக்டுக்கு நீதான் லீடு."

திரும்பி வரலாம் என்பது அதுவரை எனக்கே தோன்றியதில்லை.