மூன்று ஷிப்டில் ஒரு பெனால்டி கார்னர்

நேற்று டி.வி.யில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, பெனால்டி கார்னர் என்றதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். "அப்பாவுக்கு டென்ஷன்" என்றாள் சின்னவள். டென்ஷன் இல்லையம்மா, கோபம். இத்தனை வருஷம் ஆகியும் ஆறாத கோபம். வாயால் சொல்ல ஆரம்பித்தால் சத்தம் போடுவேன் என்று உங்கள் அம்மா பயப்படுகிறாள். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் சேலையூரில் ஒண்டுக்குடித்தனம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு லேத் வேலை. தாம்பரம் வரை சைக்கிள், பிறகு ரயில். அந்த வேலை கிடைத்ததே ஹாக்கியால்தான். அப்போதெல்லாம் கம்பெனிகள் சொந்தமாக டீம் வைத்து லீகில் ஆடவிடும். ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுப்பார்கள். ஆனால் நாங்கள் டெம்பரவரி. டீம் முதல் டிவிஷனுக்கு ஏறி அங்கே நிலைத்துவிட்டால் எல்லோரையும் பர்மனென்ட் செய்கிறேன் என்று பெரிய முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் குடும்பம் நடத்தினோம். பெரியவனே, அப்போது நீ உன் அம்மா வயிற்றில்.

பெரிய முதலாளிக்கு ஹாக்கி தெரியாது. மேட்சுக்கு வரவும் மாட்டார். கருமி வேறு. எங்கள் ஜெர்சியில் ஒன்றின் நீலம் இன்னொன்றின் நீலத்தோடு சேராது. ஆனால் மேட்சுக்கு மறுநாள் காலையில் மெஷின் பக்கத்தில் வந்து நிற்பார்.

"என்னடா, நேத்து உதை வாங்கினீங்களாமே?"

"இல்ல சார், டிரா."

"டிராவா? அப்ப பாதி உதை."

அவர் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தார். கேட்டார். ஏன் பெனால்டி கார்னரில் கோல் விழவில்லை என்று கேட்டு, நாங்கள் சொன்னதை நின்று கேட்டுக்கொண்டார். பெனால்டி கார்னர் மூன்று பேர் வேலை. ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவான். இரண்டாமவன் அதை மட்டையால் நிறுத்துவான். மூன்றாமவன் அடிப்பான். நிறுத்துகிறவன் நான். தள்ளுகிறவன் சேலையூர்ப் பழைய குடும்பத்துப் பையன். அவன் வீட்டில் அப்போது நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு இந்த வேலை போனாலும் சோறு உண்டு. அடிக்கிறவன் கடற்கரைக் குப்பத்துக்காரன். வலை இழுத்த தோள். அவனுக்கும் எனக்கும் இந்த வேலையை விட்டால் வேறு இல்லை.

இந்த மூன்றும் நடந்து முடிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. அடிக்கிறவன் பந்தைப் பார்த்து வீசினால் தாமதமாகிவிடும். என் மட்டையில் பந்து நிற்கும் 'டக்' சத்தத்துக்கு அவன் கை தானாக இறங்க வேண்டும். அது பேசி வருவதில்லை. சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும்.

இதைக் கேட்ட பெரிய முதலாளி எங்கள் மூவரையும் ஒரே ஷிப்டில், பக்கத்துப் பக்கத்து லேத்தில் போட்டார். ஃபோர்மேன் குதித்தார். "மூணு பேரும் ஒண்ணா கிளம்பினா மூணு மெஷின் நிக்கும் சார்."

"நிக்கட்டும்யா. டீமுன்னு ஒண்ணை வச்சிட்டு அவனுங்களைப் பிரிச்சா அப்புறம் எதுக்குய்யா டீமு?"

சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் செம்மண் தரைக்கு ஓடுவோம். தினமும். முதல் டிவிஷனுக்கு ஏறியது அந்தச் செம்மண்ணால்தான்.

பிறகு பெரிய முதலாளிக்குப் பக்கவாதம் வந்தது. மகன் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். முதலாளி என்று கூப்பிடக் கூடாது, எம்.டி. என்று சொல்ல வேண்டும்.

நியாயமாகச் சொல்கிறேன், அப்பாவைவிட மகன்தான் டீமுக்கு அதிகம் செய்தார். ஒரே நிறத்தில் ஜெர்சி, உயர்ந்த மட்டை, மேட்சுக்குப் போக வேன், குடிக்க குளுக்கோஸ். ஒவ்வொரு மேட்சுக்கும் வந்து ஷாமியானாவில் உட்காருவார். நாங்களும் மகிழ்ந்துதான் போனோம். ஆனால் மூன்று மெஷின் ஒரே நேரத்தில் நிற்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த மாதமே என்னைக் காலை ஷிப்டில் போட்டார்கள். தள்ளுகிறவனுக்கு மதியம். அடிக்கிறவனுக்கு நைட்.

மூன்று பேரும் அவர் அறைக்குப் போய் நின்றோம். பேசியது நான்தான். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "ப்ரொடக்ஷன் வேற, ஸ்போர்ட்ஸ் வேற. ரெண்டையும் மிக்ஸ் பண்ணாதீங்க. அவங்கவங்க ரோலை அவங்கவங்க பெர்ஃபெக்ட் பண்ணுங்க. டீம் தானா பெர்ஃபெக்ட் ஆயிடும்."

வெளியே வந்ததும் குப்பத்துக்காரன் சொன்னான்: "இன்னா மச்சான் இது! புருசனை பகல்லயும் பொண்டாட்டிய ராத்திரிலயும் வேலைக்கு அனுப்பிட்டு, புள்ள எங்கன்னு கேப்பாரு போல கீதே."

சிரித்தோம். பிறகு அவர் சொன்னபடியே செய்தோம். வேறு என்ன செய்ய முடியும்? நான் வீட்டுச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை நிறுத்திப் பழகினேன். வீட்டுக்காரம்மா திட்டினாள். தள்ளுகிறவன் விற்காத மனையில் தள்ளிப் பழகினான். குப்பத்துக்காரன் கடற்கரையில் ஈர மணலில் பந்தை வைத்து அடித்துப் பழகினான். தனித்தனியாக மூவரும் முன்னைவிட நன்றாகவே செய்தோம். சேர்ந்தால் கோல் விழவில்லை.

தோற்கத் தோற்க டீம் கீழே இறங்கியது. கடைசி மேட்சில் டிரா செய்தால் முதல் டிவிஷனில் இருக்கலாம், தோற்றால் இறங்க வேண்டும். இறங்கினால் டீம் கிடையாது என்று எம்.டி. முன்பே சொல்லிவிட்டார். டீம் இல்லையென்றால் நாங்களும் இல்லை.

ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிகிற நேரத்தில் பெனால்டி கார்னர் கிடைத்தது. குப்பத்துக்காரன் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. தள்ளியது சுத்தமாக வந்தது. நான் நிறுத்தினேன். ஆனால் 'டக்' கேட்பதற்கு முன்பே அவன் கை இறங்கிவிட்டது. மாதக்கணக்காக, ஏற்கெனவே நின்றுகிடக்கும் பந்தையே அடித்துப் பழகிய கை. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, கம்பத்துக்கு வெகுதூரம் வெளியே உருண்டு போயிற்று. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யார் மேல் தப்பு சொல்வது?

திங்கட்கிழமை எம்.டி. அறையில் கூட்டம். "பெனால்டி கார்னர்லதான் தோத்தோம். கோ-ஆர்டினேஷன் இல்ல. ஏன்?"

குப்பத்துக்காரன் சொன்னான்: "சார், இவன் உள்ள வரசொல்ல நான் வெளிய போறேன். கேட்டாண்ட மூஞ்சிய பாத்துக்கினு கையாட்டறோம். அதான் சார் எங்க கோ-ஆர்டினேஷன்."

"அது ஷிப்ட் மேட்டர். நான் கேக்கறது கேம் மேட்டர்."

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வேண்டுமென்று கெடுத்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

டீமைக் கலைத்தார்கள். மாதக் கடைசியோடு எங்களை நிறுத்தினார்கள். கடைசி நாள் எம்.டி. வராந்தாவில் எங்களைப் பார்த்து நின்றார். கை கொடுத்தார். "அடுத்த வருஷம் கிரிக்கெட் டீம் ஆரம்பிக்கலாம்னு ஐடியா. உங்கள்ல யாராவது கிரிக்கெட் ஆடுவீங்களா?"

"எந்த ஷிப்ட்ல சார்?" என்றான் குப்பத்துக்காரன்.

அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அது ஃபோர்மேன் டிசைட் பண்ணுவார்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் டீமைக் கலைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போனா போவுது. இனிமே ஞாயித்துக்கிழமையாவது வீட்ல இருப்பீங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். வேலையும் அதோடு போய்விட்டது என்று அவளுக்கு நான் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.