இருபது சட்டையும் மூன்று தண்ணீரும்

போன வாரம் திருமயத்தில் ஓர் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு நெடுஞ்சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். கோபமெல்லாம் இல்லை, ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். வழியில் ஒரு டீக்கடைக் கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையில் நீலச் சுழி. புரட்டிப் பார்த்தேன். உட்பக்கம் வெளுப்பு. இயந்திரத்தில் அச்சடித்தது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கறம்பக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், சரோஜா அக்கா வீட்டில் கற்றது. அக்கா, தன் மகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூரில் தைத்துக்கொண்டிருந்தவர். பிரிவு தாங்காமல் ஊர் திரும்பினார். வீட்டிலேயே சட்டைக்குச் சாயம் போட்டு விற்றுப் பிழைத்துக்கொண்டால் மறுபடி மகளைப் பிரிய வேண்டாம் என்பது அவர் நினைப்பு. நான் எடுபிடி.

வெள்ளைச் சட்டையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைப்போம். நடுவில் விரல் வைத்து முறுக்கு மாதிரி சுற்றி ரப்பர் பேண்டு போடுவோம். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் சாயத்தைப் பீய்ச்சி, பாலிதீன் பைக்குள் ஒருநாள் கட்டி வைப்போம். பிரிக்கும்போது ஒரு புழுங்கல் வாசனை வரும். மழைநாளில் கூட்டமான பஸ்ஸில் இன்றும் அந்த வாசனை வந்தால் எனக்கு நீல நிறம்தான் தெரியும்.

அலசுவது என் வேலை. "மூணு தண்ணி மாத்தணும் தம்பி. சோடா நிக்கக் கூடாது" என்பார் அக்கா.

திருவிழாவுக்கு ஊர்க் கபடிக் குழு இருபது சட்டை கேட்டது. எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை. நன்றாக அமைந்தால் சுற்றுவட்டாரக் குழுக்களெல்லாம் வரும். அலச வேண்டிய அன்றைக்கென்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. ஊருணி ஊரின் அந்தக் கோடியில். நாலு குடம் தூக்கியதுமே தோள் கழன்றுவிட்டது. ஒரே தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். காய்ந்தபோது பளிச்சென்றுதான் இருந்தது.

தேர் ஓடிய மறுநாள் மஞ்சள் நீராட்டு. முறைப்பெண்கள் குடத்தோடு காத்திருந்து, எங்கள் சட்டையைப் போட்டுவந்த அத்தான்மார் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றிய இடமெல்லாம் சட்டையின் வெள்ளை சிவந்தது. இரத்தச் சிவப்பு.

"அய்யய்யோ, ரத்தம்டீ!"

மேளம் நின்றது. "ஆத்தாளுக்கு ஏதோ கொறை வச்சிட்டோம்" என்றார் பூசாரி.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். "ரத்தமும் இல்ல, குத்தமும் இல்லங்க. மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கிறோம்ல, அதுமாதிரிதான். துணியில சோடா நின்னுபோச்சு."

குடத்தோடு நின்ற ஒருத்தி, "அப்ப தாலி கட்டாமயே அத்தானுக்கு ஆரத்தி எடுத்துட்டேனா?" என்றாள். கூட்டம் சிரித்தது, மேளம் மறுபடி கேட்டது. ஆனால் குழுவினர் ஒவ்வொருவராக வந்து சட்டையைக் கழற்றி எங்கள் வாசலில் போட்டார்கள். "அடுத்த வருசம் கடையிலயே எடுத்துக்கிறோம்க்கா" என்றார் தலைவர், மரியாதையாகத்தான்.

அக்கா அந்தக் குவியலைப் பார்த்தபடி கேட்டார்: "எத்தன தண்ணி மாத்துன?"

"மூணுக்கா."

ஒரு சட்டையை எடுத்து உதறினார். "அப்ப நாந்தான் சோடாவ அள்ளிக் கொட்டிட்டேன் போல."

அந்த மாதமே அவர் திரும்பத் திருப்பூர் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன், மகளை விட்டுவிட்டு. இப்போது அந்த வீடு இல்லை. தெருக்குழாயும் இல்லை, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது, திருகினால் தண்ணீர்.

நான் சட்டைகள் திரும்பி வந்த அன்று மாலையே சொல்லாமல் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை, புதுக்கோட்டை ரோட்டில் லாரி கழுவும் ஷெட்டில் வேலை கேட்டேன். முதலாளி ஹோஸைக் கையில் கொடுத்து, "ஒரு தடவ அடிச்சாப் போதும்ப்பா, தண்ணிய வீணாக்காத" என்றார்.

முதல் லாரியை மூன்று தடவை கழுவினேன்.