பன்னிரண்டாவது வீடு

தராசு பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் பேராசிரியர் அதை ஓயாமல் சொல்வார். சொல்லிவிட்டு, பெரிய உண்மையை இறக்கி வைத்தவர் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் தன் வாழ்நாளில் தராசைக் கையில் பிடித்ததில்லை. பிடித்தவள் நான்.

யுத்தத்துக்கு முந்திய காலம். பி.ஏ. முடித்துவிட்டு சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதார மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். முதல் வருஷம் முழுக்க ஆராய்ச்சி முறைகள் பற்றிய பாடம். எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிப் பதில் எழுதிக்கொள்வது, எது சான்று, எது வெறும் பேச்சு. இரண்டாம் வருஷம் ஒரு கிராமத்துக்குப் போய் அதையெல்லாம் செய்து காட்டவேண்டும். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சித்தூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த நைனா, சபையில் எல்லாரிடமும் என் மகள் மெட்ராஸில் ஆராய்ச்சி படிக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த வருஷம் எங்கள் ஜில்லாவில் மழை பொய்த்திருந்தது. புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவே ஒரு சிற்றூர். அங்கே பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு, மத்தியானத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதைக் கோடை முடியும்வரை தொடர்வதா, மூடிவிடுவதா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜனங்கள் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று எடைபோட்டுச் சொல்லும்படி எங்கள் கல்லூரியைக் கேட்டார்கள். பேராசிரியர் அந்த வேலையை எனக்கு ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார்.

“நீ பெண். அடுப்படிவரை போகலாம். ஆண்களால் முடியாது” என்றார். அவர் பேசுவது எப்போதும் இங்கிலீஷ்தான், தமிழில் எழுதுகிறேன். காவிரிக் கரையில் பிறந்தவர். புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் போயிருக்கிறார். அவ்வளவுதான் எங்கள் சீமையோடு அவருக்கு இருந்த பழக்கம். நான் கிறிஸ்தவள், வேதக்காரப் பெண் என்பதும், அந்த ஊர்த் தெருவில் வேதக்காரப் பெண்ணை அடுப்படிக்குள் விடமாட்டார்கள் என்பதும் அவருடைய ஆராய்ச்சி முறைகளில் எங்கேயும் இல்லை. நான் சொன்னேன். “சமாளித்துக்கொள்” என்றார்.

சமாளித்தேன். புத்தூரில் தெரிந்த சபை உபதேசியார் குடும்பத்தோடு தங்கிக்கொண்டு, தினமும் காலையில் மாட்டுவண்டியில் போவேன். ஒரு நாளைக்கு ஒரு வீடு, மொத்தம் பன்னிரண்டு வீடு. வாசலில் தராசைக் கட்டித் தொங்கவிடுவேன். அன்றைக்குச் சமைக்கப்போவதை வீட்டுக்காரி முறத்தில் கொண்டுவந்து வைப்பாள். எடைபோட்டு எழுதிக்கொண்டு, மாலைவரை அதே வாசலில் உட்கார்ந்து குடும்பத்தின் வேலை, வருமானம் எல்லாம் விசாரிப்பேன். ஊராருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பது முறை. அதனால் நான் போவதற்கு முன்பே கிராமக் கணக்கரான கரணம் தண்டோரா போட்டிருந்தார். மெட்ராஸிலிருந்து வந்து ஒவ்வொரு வீட்டுச் சோற்றையும் நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று.

முதல் வீட்டில் அரிசி. இரண்டாம் வீட்டில் அரிசி. கூடவே துவரம்பருப்பு, ஒரு கரண்டி நெய். எனக்கு அன்றைக்கே உறுத்தியது. நான் சித்தூர்க்காரி. எங்கள் பக்கத்து மேட்டு நிலத்துக் குடியானவர்கள் நல்ல வருஷத்திலேயே கேழ்வரகுக் களியும் கீரையும்தான் சாப்பிடுவார்கள், நெல்லுச்சோறு பண்டிகைக்கு. ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கிற வருஷத்தில் வீட்டுக்கு வீடு அரிசியா? “தினமும் இதுதானா?” என்று கேட்டால், “ஆமாம்மா, பின்ன இன்னா?” என்று சொல்லிவைத்தாற்போல ஒரே பதில். எல்லா அரிசியிலும் வேப்பிலைச் சருகு கலந்திருந்தது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரே வீதத்தில் அளந்து வைத்திருந்தார்கள். பதினோரு வீடு இப்படியே போயிற்று.

பன்னிரண்டாவது நாள், நாராயணவனம் சந்தைக்குப் போகிற வண்டி கிடைத்ததால் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை முந்தானையால் மூடினாள். அந்த நேரம் பார்த்து, முந்தின நாள் நான் எடைபோட்ட வீட்டுக்காரி இடுப்பில் ஒரு மூட்டையோடு சந்து திரும்பி வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மூட்டையின் வாயில் வேப்பிலைச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு நாளாக நான் எடைபோட்டது ஒரே அரிசி. பிறகு அவர்களே சொன்னபடி, கிணற்றுப் பாசனம் உள்ள ஒரே ஒரு வீட்டிலிருந்து தெருவே சேர்ந்து கேட்டு வாங்கி, எனக்குக் காட்டிவிட்டு, மறுநாள் அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் வாசலில் அரிசியை எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே கூழ்தான் கொதித்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் தராசை வீசி எறிந்திருப்பேன். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கத்தினேன். மூட்டைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரி குனியவில்லை.

“கூவாதம்மா. இது துன்றதுக்கு இல்லாத ஊருன்னு நீ எழுதிக்கினு பூட்டா, எவன் எங்க ஊருக்குப் பொண்ணு குடுப்பான்? எவன் வந்து பொண்ணு எடுப்பான்? எம் பொண்ணப் பாக்க நாராயணவனத்துலருந்து தை மாசம் வராங்கோ.”

“அரிசி சாப்பிடுகிறீர்கள் என்று எழுதினால் கஞ்சிக் கொட்டகையை மூடிவிடுவார்கள். அது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. கரணம் தண்டோராவில் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லக்கூடாதாம், சொன்னால் பதில் கோணிவிடும் என்று பாடம். அவள் முறத்தின் மேல் கிடந்த முந்தானையை விலக்கினாள். கொட்டகைக்குப் போகிற பிள்ளைகள் அவளுக்கு மூன்று பேர்.

“அரிசியத் தூக்கிக்கினு போடி” என்றாள் மூட்டைக்காரியிடம்.

“ஊரோட ஒத்து இருக்கமாட்டியா நீ? எல்லார் மானமும் போவும்.”

“போனா எங்க ஊட்டு மானம் போவுது. கொழந்தைங்க கஞ்சி நின்னு பூட்டா நீ வந்து ஊத்துவியா?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “உள்ள வாம்மா. இன்னா கீதோ அத்தப் பாத்து எழுதிக்கோ. எங்க ஊட்டுப் பேரு மட்டும் போடாத.”

அந்த ஊரில் நான் அடுப்படிக்குள் போனது அந்த ஒரு வீட்டில்தான். கேழ்வரகை நிறுத்தேன். கீரையை நிறுத்தேன். கூழை யார் யாருக்கு எவ்வளவு ஊற்றினாள் என்றும் பார்த்தேன். புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, கடைசியில் பானையை வழித்து ஒரு சொம்பு தனக்கு. ஒரு நாள் முழுக்க அவளுக்கு அந்த ஒரு சொம்புதான்.

சென்னைக்குத் திரும்பியதும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“பதினோரு வீட்டிலும் அரிசி சமைக்கப்படவில்லை என்று நீ கண்ணால் பார்த்தாயா?”

“இல்லை. ஆனால் ஒரே அரிசி, சார். எல்லாவற்றிலும் ஒரே வேப்பிலை.”

“அரிசியில் வேப்பிலை எங்கள் வீட்டிலும் போடுவார்கள். கேட்டது சான்றல்ல. தராசு பொய் சொல்லாது.”

“அப்படியானால் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் போய் எடைபோடுகிறேன். ஒரு வாரம் கொடுங்கள்.”

“அறிக்கை இந்த வாரம் போகவேண்டும்” என்றார். பிறகு என் அட்டவணையைப் புரட்டி, பதினோரு வீட்டிலும் ஆளுக்கு வருகிற அளவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வியந்தார். இத்தனை சீரான கணக்கை இதற்குமுன் எந்த மாணவனும் கொண்டுவந்ததில்லையாம். ஒத்துப்போகாதது ஒன்றுதான், பன்னிரண்டாவது வீடு. “இது விதிவிலக்கு. இதைச் சேர்த்தால் சராசரி கெட்டுவிடும்” என்று சொல்லி, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

நான் மேஜையில் அறைந்தேன். பேராசிரியரின் மேஜையில் ஒரு பெண் அறைவது அந்தக் கட்டடத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப்பார்த்தார். “மெய்யாக இருப்பது அது ஒன்றுதான், அதைப் போய் அடிக்கிறீர்களே” என்றேன். உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்கு ஆராய்ச்சி ஒத்துவராது என்றார். அறிக்கை அவர் பெயரில் போயிற்று. ஜனங்களின் உணவு போதுமானதாகவும் சீரானதாகவும் இருக்கிறது என்று முடித்திருந்தார். அந்த வரியை என்னுடைய ஆய்வேட்டில் எழுத மறுத்தேன். ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார்கள். நைனா தலையில் கைவைத்துக்கொண்டார். “படிக்கப் போன எடத்துல சண்ட போட்டுக்கினு வந்து நிக்கிறியே!” அவரிடமும் கத்தினேன். யாரிடம் கத்தியும் என்ன ஆகப்போகிறது? கொட்டகையை மூடிவிட்டார்கள்.

பன்னிரண்டாவது வீட்டுக்காரியிடம் நேரில் போய்ச் சொல்லவேண்டியது என் கடமை என்று தோன்றியது. பங்குனி வெயிலில் புத்தூரில் இறங்கி வண்டி பிடித்துப் போனேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் கொட்டகையின் கழிகளைப் பிடுங்கிய குழிகள் இருந்தன. அவள் வீட்டில்தான் இருந்தாள். மகளை நாராயணவனத்துக்காரர்கள் நிச்சயம் செய்துவிட்டுப் போனதை முதலில் சொன்னாள். பிறகுதான் கேட்டாள்.

“எங்க ஊட்டக் காட்டினியாம்மா அவங்களுக்கு?”

“காட்டினேன். கோடு போட்டு அடித்துவிட்டார்கள்.”

“ஏன்? எடை தப்பா?”

“எடை சரி. மற்ற வீடுகளோடு ஒத்துப்போகவில்லையாம்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய், ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்து நீட்டினாள். “வெயில்ல வந்துக்கிறே. குடி.”

“வேண்டாம், பசியில்லை” என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “எங்க ஊட்ல இல்லன்னு நெனச்சிக்கினியா?”

அந்தச் சொம்பில் எவ்வளவு இருக்கிறது, அது யாருடைய பங்கு என்று இந்த உலகத்தில் கணக்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதையும் குடித்தேன்.